தெருக் கம்பியும் தனித் திரையும்

சேலத்திலிருந்து திருச்செங்கோடு செல்லும் பேருந்தில் ஏறி ஆட்டையாம்பட்டியில் இறங்குகிறவரை முதலில் வரவேற்பது முறுக்கு வேகும் எண்ணெய் மணம். அடுத்தது விசைத்தறிகளின் ஓசை. கைமுறுக்குக்குப் பெயர்போன அவ்வூரின் தெருக்களில் அண்மையில் நடந்துபோனபோது நம் பார்வை மேலே சென்றது. கம்பத்திலிருந்து கம்பத்துக்கும், கூரையிலிருந்து கூரைக்கும் தாவிச் சென்றிருந்த கறுப்புக் கம்பிகளில் பல அறுபட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன. அவை கேபிள் தொலைக்காட்சிக் கம்பிகள். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அவற்றை இழுத்தபோது தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அவை அறுந்ததை இன்று எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

ஒரு கம்பி வந்ததும் போவதும் வரலாறாகுமா என்று வாசகர் கேட்கலாம். உழைத்துக் களைத்த மக்கள் தம் மாலைப்பொழுதை யாரோடு, எப்படிக் கழித்தார்கள் என்பதும் வரலாறுதான். அந்த வரலாற்றில் நம் சேலத்துச் சமவெளிக்குத் தனியிடம் உண்டு. 1935-இல் டி.ஆர். சுந்தரம் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்படங்களைத் தந்தது. 1956-இல் வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்னும் வண்ணப்படமும் அங்கு உருவானதே. படம் பார்ப்பதென்றால் அந்நாளில் ஊரோடு ஊராகப் போய்க் கொட்டகையில் அமர்வது. மணல் தரையில் உட்கார்ந்தவரும் நாற்காலியில் உட்கார்ந்தவரும் ஒரே இடத்தில் சிரித்து, ஒரே இடத்தில் அழுதனர்.

தொலைக்காட்சி நம் நாட்டில் 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சென்னைக்கு அது 1975 ஆகஸ்டு 15 அன்று வந்தது. சிற்றூர்களுக்கு வந்துசேர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. நம் தலைமுறையினர் முதன்முதலாகத் தொலைக்காட்சி பார்த்தது ஊராட்சிக் கட்டடத்தின் முன்போ, வசதியுள்ள ஒருவர் வீட்டுத் திண்ணையிலோதான். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ வரும் நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டம் இராது. 1987-88-இல் ஞாயிறு காலைகளில் இராமாயணத் தொடர் வந்தபோது, இந்தி தெரியாத நம் மக்களும் கண்கொட்டாமல் பார்த்தார்கள். காற்றடித்து ஆண்டெனா திரும்பிவிட்டால் ஒருவர் கூரைமேல் ஏறுவார்; கீழிருந்து பத்துப்பேர் கத்தி வழி சொல்வார்கள். பெட்டி ஒருவருடையது, பார்வை ஊருடையது.

பின்னர் கேபிள் வந்தது. 1980-களில் வீடியோ கேசட் வைத்திருந்த கடைக்காரர்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கம்பி இழுத்துத் திரைப்படம் காட்டியதே அதன் எளிய தொடக்கம். 1991-இல் வளைகுடாப் போர்க் காட்சிகளைச் செயற்கைக்கோள் வழியாக உலகம் வீட்டுக்குள் இருந்தபடியே கண்டது. அதே ஆண்டில் ஸ்டார் தொலைக்காட்சி ஆசிய வானில் நுழைந்தது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது. அதன்பின் மொட்டைமாடியில் ஒரு டிஷ்ஷையும் சிறு அறையில் சில கருவிகளையும் வைத்திருந்த இளைஞர் ஊருக்கு ஊர் ‘கேபிள்காரர்’ ஆனார். 1995-இல் வந்த கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் அவரைத் தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்துகொள்ளச் சொன்னது. கடிதம் சுமந்த அஞ்சலகமே காட்சி சுமந்த கம்பிக்கும் பதிவேடு வைத்திருந்தது.

கேபிள்காரர் வெறும் வணிகரல்லர். மாதத்தின் முதல் வாரத்தில் வீடுதோறும் சென்று பணம் வாங்குவார். எந்த வீட்டில் தறி நின்றுபோயிற்று, எந்த வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது அவருக்குத் தெரியும். கையில் காசில்லாதவர் “அடுத்த மாசம் சேர்த்துத் தாரனுங்க” என்றால் சரியென்று நடையைக் கட்டுவார். மழையில் படம் நின்றால் திட்டு வாங்குபவரும் அவரே. ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருபவரும் அவரே.

இங்கே நம்மைப்பற்றிய ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இளங்குருவாகப் பணியேற்ற நாள்களில் கேபிளை நாம் பீடத்திலிருந்தே கடுமையாகச் சாடியிருக்கிறோம். செபமாலைக்கு ஆள் குறைந்ததற்கு அதையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினோம். 1999 இறுதியில் ‘சித்தி’ தொடர் தொடங்கியபின், அன்பியக் கூட்டத்தை அதற்குமுன் முடித்துவிட வேண்டும் என்று பெண்கள் நேராகவே கேட்டுக்கொண்டார்கள். குடும்பத்தைக் கேபிள் கெடுக்கிறது என்றோம். ஆனால் அதே தொடரைப் பார்க்க மாமியாரும் மருமகளும் ஒரே பாயில் அமர்ந்ததையும், மறுநாள் குழாயடியில் அக்கதையைப் பேசி மனத்தாங்கலை மறந்ததையும் நாம் கணக்கில் எடுக்கவில்லை.

அரசும் இந்தக் கம்பியின் ஆற்றலை அறிந்திருந்தது. 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில், 2011-க்குள் ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் பெட்டிகள் வழங்கப்பட்டன. குடிசைக்குள்ளும் பெட்டி வந்தது. ஊராட்சிக் கட்டடத்தின் முன் கூடியிருந்த கூட்டம் கலைந்தது. 2007-இல் உருவாக்கப்பட்ட அரசு கேபிள் நிறுவனம் 2011 செப்டம்பரில் புத்துயிர் பெற்று, மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தது. 2011-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கேபிள் முழுவதையும் எண்முறை ஒளிபரப்புக்கு மாற்ற ஆணையிட்டது. கிராமங்களுக்கான கடைசித் தவணை 2017-இல் வந்தது. வீடுதோறும் செட்டாப் பாக்ஸ் அமர்ந்தது. 2019 பிப்ரவரியில், வேண்டிய சேனலுக்கு மட்டும் பணம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய். வரியோடு 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களுக்குத் தனிக்கணக்கு. மிச்சப்படும் என்று எதிர்பார்த்த பல வீடுகளில் செலவு ஏறியது. பணம் கட்டத் தவறினால் பெட்டி எங்கோ ஒரு கணினியின் கட்டளைக்குப் பணிந்து தானே அணைந்தது. கேபிள்காரரின் இரக்கத்துக்கு அங்கு இடம் குறைந்தது.

அதே ஆண்டுகளில் வேறொரு வழி திறந்துகொண்டிருந்தது. ஹாட்ஸ்டார் 2015-இலும், நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியிலும், அமேசான் பிரைம் வீடியோ அவ்வாண்டு டிசம்பரிலும், சன் நெக்ஸ்ட் 2017-இலும் நம் நாட்டில் தொடங்கின. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வணிகச் சேவையைத் தொடங்கியபின் இணையத்தின் விலை சரிந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்குப்படி, 2014-இல் ஒரு ஜிபி தரவுக்குச் சராசரியாக 269 ரூபாய் ஆயிற்று. 2018-இல் அது 12 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. விலை இப்படிச் சரிந்தபின் மடைமாற்றம் நிகழாமல் இருக்குமா?

மடையை முழுதாகத் திறந்தது பெருந்தொற்று. 2020 மார்ச் இறுதியில் கொட்டகைகளும் கோயில்களும் ஒருங்கே மூடப்பட்டன. மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ கொட்டகையைத் தொடாமல் நேரே இணையத்தில் வெளியாயிற்று. நவம்பரில் ‘சூரரைப் போற்று’ அவ்வழியே வந்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த வெறிச்சோடிய பேதுரு சதுக்கத்தில் தனியே நின்று உலகுக்கு ஆசி வழங்கியதை நம் மக்கள் கைப்பேசியில் கண்டார்கள். நாமும் காலி இருக்கைகளுக்கு முன், ஒரு முக்காலியில் பொருத்திய கைப்பேசியைப் பார்த்துத் திருப்பலி நிறைவேற்றினோம். “ஆண்டவர் உங்களோடு இருப்பாராக” என்றபோது மறுமொழி வரவில்லை. அந்த மௌனத்தை நாம் இன்னும் மறக்கவில்லை.

அதன்பின் பலர் கேபிளுக்குத் திரும்பவில்லை. நாடெங்கும் டிஷ் வைத்து நேரடியாகக் கட்டணச் சேனல் பெறுவோர் தொகை 2020 இறுதியில் ஏறத்தாழ 7 கோடியாக இருந்தது. 2025 மார்ச்சில் 5 கோடியே 70 இலட்சத்துக்கும் சற்றுக் கீழே வந்துவிட்டது. கேபிள்காரரின் பதிவும் 2025 ஜனவரியில் அஞ்சலகத்தை விட்டு இணையத்துக்கே போய்விட்டது. அவர்களுள் பலர் இன்று இணையக் கம்பி இழுத்துத் தருகிறார்கள். தம் தொழிலைக் குறைத்த வெள்ளத்திலேயே ஓடம் விடக் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். கற்க இயலாதவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள்.

இந்த மாற்றத்தை நாம் வெறுக்கவில்லை. இரவு முறை தறி ஓட்டுபவர், தமக்குப் பிடித்த படத்தை விடியற்காலையில் பார்க்கிறார்; முன்பு ஒளிபரப்பின் நேரம் அவருக்காகக் காத்திருந்ததில்லை. காது கேளாதவர் எழுத்தைப் படித்துக் கதையைத் தொடர்கிறார். மணிலாவிலிருந்து சிற்றலையில் நம் வீடுகளுக்கு வந்த வேரித்தாஸ் தமிழ்ப்பணி, 2018 சூன் இறுதியில் ஆசிய வேரித்தாஸ் சிற்றலையை நிறுத்தியபின் இணையத்தின் வழியே வருகிறது. இரைச்சலுக்கிடையில் அக்குரலைத் தேடியலைந்த நமக்கு அதன் தெளிவு ஒரு கொடையே.

ஆயினும் இழந்தது ஒன்றுண்டு. அதை ஒரு வீட்டில் கண்டோம். ஆட்டையாம்பட்டிப் பக்கத்தில் நாம் அறிந்த மூதாட்டி ஒருவர், எண்பதைத் தொட்டவர். மகன் தறியில், மருமகள் முறுக்குச் சுற்றுகிறார். ஓராண்டுக்கு முன் கேபிளை நிறுத்திவிட்டு, இணையத்தில் இயங்கும் புதிய பெட்டி வாங்கினார்கள். மகன் கைப்பேசியில், மருமகள் கைப்பேசியில், பேரனும் அப்படியே. நடுவீட்டில் பெரிய திரை பெரும்பாலும் கறுத்தே கிடக்கிறது. பழைய பெட்டியில் எண்ணை அழுத்தினால் மாதா தொலைக்காட்சித் திருப்பலி வரும். அந்த எண் அவருக்கு மனப்பாடம். புதியதில் எண்ணே இல்லை. “சாமி, இதுல எல்லாமே இருக்குதுன்னு சொல்றாங்க, எனக்கு வேணுங்கறது எங்க இருக்குதுன்னுதான் தெரியலைங்க” என்றார். கேபிள்காரர் இருந்தால் கூப்பிட்டிருக்கலாம். இப்போது யாரைக் கூப்பிடுவது?

அவர் இழந்தது ஒரு சேனலை மட்டுமன்று. தம்மை மாதம் ஒருமுறை நலம் கேட்டுவந்த மனிதரை இழந்தார். வீடு ஒன்றாக அமர்ந்த ஒரு மணி நேரத்தை இழந்தார். கொட்டகையும் ஊராட்சிப் பெட்டியும் கேபிளும் தம் குறைகளுக்கிடையே ஒரு வேலையைக் கூலியில்லாமல் செய்துவந்தன. ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நம்மை உட்காரவைத்தன. அது கருவியின் நற்குணத்தாலன்று. ஒரு திரைதான் இருந்தது, ஒரு நேரம்தான் இருந்தது என்ற வறுமையால். அந்த வறுமை நீங்கிவிட்டது. இனி ஒன்றாக அமர வேண்டுமானால் நாமே விரும்பி அமர வேண்டும். கேபிளைச் சாடிய நாள்களில் இதை நாம் அறியவில்லை.

அசிசி நகர்ப் புனித கிளாரா நோயுற்றுக் கிடந்த ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில், கோயிலுக்குப் போக இயலாமல் தனியே இருந்தார். அங்கு நடந்த வழிபாட்டைப் படுக்கையிலிருந்தே கண்டார், கேட்டார் என்பது மரபு. அதனால் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1950-களின் பிற்பகுதியில் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். திரை முதலில் யாருக்காக என்பதை இந்தத் தேர்வு சொல்கிறது. வரமுடியாதவர்களுக்கு, எழமுடியாதவர்களுக்கு, தனித்து விடப்பட்டவர்களுக்கு. புதிய திரை முதலில் கைவிட்டதும் அவர்களையே என்றால், திருத்த வேண்டியது திரையையா, வீட்டாரையா?

அந்த வீட்டுப் பேரன் பத்தாம் வகுப்பில் படிப்பவன். பாட்டிக்குத் திருப்பலி போட்டுக்கொடுக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தோம். முடியும்வரை பக்கத்தில் உட்கார வேண்டும் என்றும் சொன்னோம். சென்ற மாதம் போனபோது பாட்டி குறைப்பட்டுக்கொண்டார்: “வாரத்துல ரெண்டு நாளைக்கு மறந்துபோயிடறானுங்க.” ஐந்து நாள் நினைவில் வைத்திருக்கிறானே ஆயா, என்றோம்.