காய்ச்சல் கிருமியும் காந்தமும்

போன பதிவில் ஏலக்காய் வியாபாரத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பழைய சிநேகிதர் ஒருவர் போன் செய்தார். "மலைக்குப் போனவங்க கொண்டாந்த காயைப் பத்தி எழுதிட்டீரு. கொண்டாந்த காய்ச்சலைப் பத்தி யாரு எழுதுறது?" என்றார். நியாயமான கேள்விதான். மலேரியா ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். நான்தான் எழுத வேண்டும்.

இன்று போடியிலிருந்து விடிகாலையில் ஜீப் ஏறி, மெட்டுக்கு மேலே பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய் சாயங்காலம் திரும்பிவிடுகிறார்கள். நம் பாட்டன் காலத்தில் ஏறினால் மாதக்கணக்கில் அங்கேதான். இறங்கி வரும்போது கூலிப் பணத்தோடு குளிர்காய்ச்சலும் கூட வரும். "மலைத்தண்ணி சேரலை" என்பார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. மேற்குமலை ஓடைகளின் ஓரத்தில் மெதுவாக நகரும் தெளிந்த நீரில்தான் அனாபிலஸ் ஃபுளூவியாட்டிலிஸ் என்ற கொசு முட்டையிடுகிறது. தண்ணீர்தான் காரணம், ஆனால் குடித்ததால் வந்ததல்ல.

நம் பள்ளத்தாக்குக்கே சோறு போடும் பெரியாறு அணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1887-ல் வேலை தொடங்கி 1895-ல் தண்ணீர் திறந்தார்கள். பென்னிகுவிக் துரையை நாம் கும்பிடுகிறோம், சரி. அந்தக் காட்டில் காய்ச்சலில் செத்துப்போன கூலிகளின் கல்லறைகள் அணைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அப்போது கையிலிருந்த மருந்து கொயினாவும் சாராயமும். சாராயம் மட்டும் இல்லையென்றால் அணையே எழுந்திருக்காது என்று அந்தக் காலத்திலேயே சொன்னதுண்டு. கொசுதான் நோயைப் பரப்புகிறது என்று உலகத்துக்குத் தெரிய இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருந்தது.

ஆனால் கிருமியைக் கண்டுபிடித்தாகிவிட்டது. அதைக் கண்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர். நான் காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் பாடத்தில் மலேரியா என்ற சொல்லே வராது. 'பலுடீஸ்ம்' என்றுதான் சொல்லித் தந்தார்கள். சதுப்பு நிலத்து நோய் என்று அர்த்தம். மலேரியா என்பது இத்தாலியச் சொல், கெட்ட காற்று என்று பொருள். இரண்டு பேரும் பெயர் வைத்தபோது கொசுவைச் சந்தேகிக்கவில்லை.

அல்ஃபோன்ஸ் லவெரான் ராணுவ டாக்டர். அல்ஜீரியாவில் கான்ஸ்டன்டைன் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் வேலை. 1880 நவம்பர் 6-ந் தேதி, ஒரு சிப்பாயின் ரத்தச் சொட்டைச் சாயம் எதுவும் ஏற்றாமல் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். கரும்புள்ளிகள் நிறைந்த ஓர் உருண்டை. அதிலிருந்து சாட்டை போன்ற இழைகள் கிளம்பித் துடித்தன. உயிருள்ள ஜந்து!

அந்தக் கருந்துகள் புதிதல்ல. 1847-லேயே ஜெர்மனியில் மெக்கல் என்பவர் ஒரு பிணத்தைச் சோதித்தபோது ரத்தத்தில் அதைப் பார்த்திருக்கிறார். அவருக்குப் பிறகும் பலர் பார்த்தார்கள். நோயில் ரத்தம் கெட்டு உண்டாகும் கசடு என்று விட்டுவிட்டார்கள். அந்தக் கசடு எந்த உயிரின் வயிற்றில் இருக்கிறது என்று பார்த்தவர் லவெரான். அவருக்கு ஒரு அதிர்ஷ்டமும் இருந்தது. அந்தச் சாட்டை ஆட்டம் சாதாரணமாகக் கொசுவின் வயிற்றுக்குள் நடப்பது. உடம்பை விட்டு வந்த ரத்தம் கண்ணாடித் தகட்டில் ஆறிப்போனதால் கிருமி ஏமாந்து ஆடிக் காட்டிவிட்டது. 1907-ல் நோபல் பரிசு கிடைத்தபோது, பணத்தில் பாதியைப் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சிக் கூடம் அமைக்கக் கொடுத்துவிட்டார் மனுஷர்.

ரொனால்ட் ராஸ் கதை பள்ளிக்கூடப் புத்தகத்தில் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். 1897-ல் ஊட்டிக்கு லீவில் வந்தவர் சீகூர் பக்கம் ஆராயப் போய்த் தானே காய்ச்சலில் விழுந்தார். அந்த வருஷம் ஆகஸ்ட் 20-ல் செகந்திராபாத்தில், ஹுசேன் கான் என்ற நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்தார். சுவரில் வட்டமான சில செல்கள். கொசுவின் உடம்பில் அவருக்குப் பழக்கமில்லாதவை. அவை மலேரியாக் கிருமியுடையவைதான் என்று அவருக்கு அடையாளம் காட்டியது எது தெரியுமா? உள்ளே இருந்த அதே கருந்துகள்.

அது என்ன தூள்? கிருமி நம் சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. புரதத்தைச் செரித்துவிடும். இரும்பு உள்ள 'ஹீம்' என்ற பகுதியைச் செரிக்க முடியாது, அது கிருமிக்கு விஷம். ஆகவே அதைப் படிகமாக இறுக்கி ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கிறது. ஹீமோசோயின் என்று பெயர். நாம் காய்ச்சலுக்கு முழுங்கிய குளோரோகுயின் கசப்பு மாத்திரை அந்தப் படிகம் உண்டாகாமல் தடுக்கிறது. தன் வீட்டுக் குப்பையிலேயே கிருமி சாகிறது.

நான் 1975-ல் வேலையில் சேர்ந்தேன். அப்போது நாமெல்லாம் மதுரை மாவட்டம். எந்த ஆபீஸ் என்று சொல்ல வேண்டாம், இருந்தவர்களில் பலர் இப்போது இல்லை. தேசிய மலேரியாத் திட்டம் 1953-ல் தொடங்கியபோது நாட்டில் வருஷத்துக்கு 7.5 கோடிப் பேருக்குக் காய்ச்சல், 8 லட்சம் சாவு என்று கணக்கு. டி.டி.டி. அடித்து அடித்து 1965-ல் சுமார் 1 லட்சம் பேர் என்ற அளவுக்கு இறக்கினார்கள். ஜெயித்துவிட்டோம் என்று கை தளர்ந்தது. 1976-ல் 64 லட்சம்.

மலேரியாக்காரர் பதினைந்து நாளைக்கு ஒரு முறை வீட்டுக்கு வந்து, "யாருக்காச்சும் காய்ச்சலா?" என்று கேட்டு, சுவரில் கட்டம் போட்ட இடத்தில் தேதி எழுதிப் போவது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காய்ச்சல் என்றால் விரலில் குத்தி ஸ்லைடில் ரத்தம் தடவி, பெரியவர்களுக்கு நாலு மாத்திரை கொடுப்பார். ஸ்லைடு லேபுக்குப் போகும். கிருமி இருந்தால் ஆள் திரும்பப் போய் ஐந்து நாள் பிரிமாகுயின் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் ஸ்டேட்மெண்ட் டைப் அடிப்பவன் நான்.

1977-ல் ஸ்லைடு குவிந்துவிட்டது. லேபில் பார்க்க ஒரே ஆள். மலையடிவாரத்துப் பையன் ஒருவனின் ஸ்லைடு பார்க்கப்படும்போது ஐந்து வாரம் ஆகியிருந்தது. பாசிட்டிவ். அதற்குள் அவன் தோட்டத்துக்கு ஏறிவிட்டான், அது கேரளா. சிகிச்சைக் கட்டத்தில் 'ஊரில் இல்லை' என்று என் கையால் எழுதினேன். தை மாதம் வயிறு உப்பித் திரும்பி வந்தான். மருந்து கொடுத்தோம், பிழைத்தான். அதே குடிசையில் அவன் தங்கச்சி, ஐந்தாறு வயசு இருக்கும், அந்த மாதமே காய்ச்சலில் போய்விட்டது. அதன் ஸ்லைடு பார்க்காத கட்டில் இருந்தது. பிறகு லேப்காரர் அந்த ஸ்லைடை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நீலமும் சிவப்புமாக ஏறியிருந்த சாயத்துக்கு நடுவில், மிளகுத்தூள் போலக் கருப்பாக. நான் கருந்துகளைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நாங்கள் இப்படிக் கட்டு கட்டாக ஸ்லைடு அடுக்கிக்கொண்டிருந்த 1976-ல்தான், நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் டிரேகர், ஜென்சன் என்ற இருவர் ஃபால்சிபாரம் கிருமியை உடம்புக்கு வெளியே, மனித ரத்தத்தில் தொடர்ந்து வளர்த்துக் காட்டினார்கள். மூடிய ஜாடிக்குள் மெழுகுவர்த்தி ஏற்றிவைப்பார்களாம். அது ஆக்சிஜனைக் குறைத்து அணையும்போது உள்ளே கிருமிக்குத் தோதான காற்று. இவ்வளவு பெரிய காரியத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி!

வளர்த்தால் போதாது, பிரித்தெடுக்க வேண்டும். நூறு சிவப்பணுவில் ஒன்றிலோ இரண்டிலோதான் கிருமி இருக்கும். மற்றதெல்லாம் நல்ல ரத்தம். அரிசியில் கல் பொறுக்கினால், நமக்கு வேண்டியது கல் என்பது போல. இளசும் முற்றியதும் வேறு கலந்து கிடக்கும். 1979-ல் சார்பிட்டால் கரைசலில் போட்டால் முற்றிய கிருமியுள்ள அணுக்கள் உப்பி வெடித்து, இளசு மட்டும் மிஞ்சும் என்று கண்டார்கள். சர்க்கரைக்காரர்களுக்கான மிட்டாயில் போடுகிறார்களே, அதே சார்பிட்டால்தான்.

முற்றியது வேண்டுமென்றால்? ஆராய்ச்சி படிக்கும் என் அக்கா பேத்தி பொங்கலுக்கு வந்தபோது கேட்டேன். "காந்தம் வச்சுப் பிடிப்போம் தாத்தா" என்றாள். நான் நம்பவில்லை. ரத்தத்தில் இரும்பு உண்டு, ஆனால் காந்தத்தில் ஒட்டுமென்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போன நாம் யாரும் முழுசாகத் திரும்பியிருக்க மாட்டோமே. அவள் விளக்கினாள். ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தின் இரும்பைக் காந்தம் இழுக்காது. பாலிங், கோரியல் என்ற இருவர் 1936-லேயே அளந்து சொன்னது இது. ஆனால் கிருமி தின்று ஒதுக்கிய படிகத்தில் இரும்பின் நிலை மாறிவிடுகிறது, அதைக் காந்தம் லேசாக இழுக்கும். மெல்லிய எஃகு இழை அடைத்த குழாயைப் பலமான காந்தத்துக்கு நடுவே வைத்து ரத்தத்தை ஊற்றினால், நல்ல அணு வழிந்துவிடும், கருந்துகள் உள்ளது ஒட்டிக்கொள்ளும். குழாயைக் காந்தத்திலிருந்து எடுத்துக் கழுவினால் கிருமி கையில். 1981-ல் லான்செட் பத்திரிகையில் இந்த முறை வந்திருக்கிறது. லவெரான் பார்த்து நூறு வருஷம் கழித்து, அதே குப்பை.

எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. வளைய வடிவில் இருக்கும் இளங்கிருமி இன்னும் அதிகம் தின்றிருக்காது, பிடிக்கிற அளவுக்குக் குப்பையும் இல்லை, காந்தத்தைத் தாண்டிவிடும். நம் நாட்டில் பரவலான வைவாக்ஸ் கிருமியை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்க இன்றும் வழியில்லை. நோயாளியின் ரத்தத்தை வாங்கித்தான் பிரிக்க வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நம் ஜி. பத்மநாபனும் நமிதா சுரோலியாவும் 1992-ல் இன்னொரு விசித்திரம் சொன்னார்கள். இவ்வளவு ஹீமை விஷம் என்று ஒதுக்கும் கிருமி, தனக்கு வேண்டிய ஹீமைத் தானே தனியாகத் தயாரித்துக்கொள்கிறதாம். சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டைத் தொடாமல் கட்டுச்சோறு கொண்டுபோகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

பேத்தி கடைசியில் கேட்டாள்: "அந்தக் காலத்து ஸ்லைடெல்லாம் இருந்தா எவ்வளவு பார்க்கலாம். எங்க தாத்தா இருக்கு?"

சோடா உப்பில் கழுவித் துடைத்து, நூறு நூறாகக் கட்டி, அடுத்த மாதத்துக்கு ஊர்களுக்கு அனுப்பிவிடுவோம் என்றேன்.