ஆழமில்லா நீரின் மலர்

மஞ்சள் நிற நீரல்லி ஐரோப்பிய, அமெரிக்கக் குளங்களுக்குரியது. நம் காவிரிக் கரையிலோ வெண்மையும் செம்மையும் நீலமுமாய்ப் பூக்கும் ஆம்பலும் குவளையுமே பூர்விகக் குடிகள். அவற்றில் பொன்னிறம் நடுவிலுள்ள கேசரங்களோடு நின்றுவிடுகிறது.

முக்கொம்பில் காவிரியினின்று கொள்ளிடம் பிரிந்து, திருவரங்கத்தையும் திருவானைக்காவையும் தீவாக்கிச் செல்லும் இப்பிரதேசத்தில், வாய்க்கால் நீர் தேங்கிய பள்ளங்களும் குட்டைகளும் தலைமுறை தலைமுறையாய் இம்மலர்களுக்கு இருப்பிடம் தந்ததை நினைக்குந்தோறும், இவற்றின் சரித்திரம் ஆழமில்லா நீரின் சரித்திரமே என்று எனக்குத் தோன்றுகிறது. சேற்றில் கிழங்கூன்றி, நெடுங்காம்பினால் இலையை நீர்மேல் விரிக்கும் இச்செடிக்கு, படிகள் இறங்கும் ஆழ்ந்த தெப்பக்குளத்தினும், கோடையில் வற்றி ஆடிப் புதுப்புனலில் நிறையும் குட்டையே உகந்தது. நீர் வற்றினும் கிழங்கு சேற்றினுள் உயிரோடிருக்கும்.

உறையூரில் சோழர் அரசிருந்த சங்க காலத்திலேயே இம்மலர் மக்கள் வாழ்வோடு பிணைந்துவிட்டது. ஒக்கூர் மாசாத்தனார் இயற்றிய புறநானூற்று 248ஆம் செய்யுளில், ஒரு பெண்ணுக்கு இளமையில் தழையாடையாய் உதவிய ஆம்பலே, கணவனை இழந்த பின்னர் கைம்மை நோன்புக்குரிய அல்லியரிசியாகி அவளுக்கு உணவாகிறது. அப்பெண்ணின் இன்பத்தையும் துயரத்தையும் ஒரே நீர்ப்பூவில் அடக்கிய அப்புலவரைப்போல் இதனை உணர்ந்தவர் பிறர் உளரோ என்று நான் வியப்பதுண்டு.

பக்தி காலத்தில் இம்மலர் பகவத் கைங்கரியத்துக்கும் உரியதாயிற்று. தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்து அரங்கனுக்கு மாலை தொடுத்தார். கண்ணனைப் பூச்சூட அழைக்கும் பெரியாழ்வார் பதிகத்தில், கொடியிலும் செடியிலும் பூப்பவற்றோடு செங்கழுநீரும் சேர்ந்திருக்கிறது.

பிற்காலத்தில் வெள்ளம் பெரிதும் கொள்ளிடத்தில் பாய்ந்து காவிரி நலிந்துவந்தபோது, பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836 முதல் 1838 வரையில் முக்கொம்பில் மேலணையைக் கட்டிக் காவிரிக்கு நீரை மீட்டார். வயலுக்கென்று வந்த அந்நீரில் அல்லிக்கும் பங்கிருந்தது.

1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883இல் திருச்சிக்கு வந்த தூய வளனார் கல்லூரியில், பாதிரியார் கே. எம். மாத்யூ 1967இல் ராபினட் உலர்தாவரக் காப்பகத்தை நிறுவி, தமிழகத்துச் செடிகொடிகளை ஊரூராய்த் திரட்டி ஆராய்ந்தது அருந்தொண்டு. ஆயினும் காப்பகத் தாளில் தங்குவது செடியின் வடிவமே. அந்தியில் மலர்ந்து மறுநாள் முற்பகலில் கூம்பும் ஆம்பலின் ஜீவனுக்குக் குட்டை வேண்டும். குளங்களைத் தூர்வாருவோர் செங்குத்தாய்க் கரையெடுத்து ஆழப்படுத்துவதோடு நில்லாமல், ஓரத்தில் முழங்காலளவு நீர் நிற்கும் சரிவொன்றையும், அதிலுள்ள பழஞ்சேற்றையும் விட்டுவைக்க வேண்டும். கிழங்கு தங்குவது அங்கேதான்.