எண்ணெய் குடிக்கும் பந்து

நெசவாளர் பகுதியான எங்கள் பிள்ளையார்பாளையத்தில் தெருவில் பாவு விரிக்குமுன் வானத்தைப் பார்ப்பார்கள். சென்னையில் டென்பின் பௌலிங் ஆடும் நான், பந்து உருளும் தளத்தில் பூசிய எண்ணெயைப் பார்க்கிறேன்.

ஒரு காலத்தில் பந்து கடின மரத்தில் கடைந்தது. 1905-இல் ரப்பர் பந்து வந்தது, பிறகு பிளாஸ்டிக், 1980-களில் யூரித்தேன், 1990-களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின். இதன் நுண்துளைகள் எண்ணெயை உறிஞ்சும். எண்ணெயில்லாத இடம் வந்ததும் பந்து தளத்தைப் பற்றிச் சட்டெனத் திரும்பும்.

பந்தை வீசும் கோட்டிலிருந்து, வீழ்த்த வேண்டிய முதல் பின் (pin) வரை 60 அடி. எண்ணெய் 35 அடியில் நின்றால் பந்து சீக்கிரம் வளையும். 45 அடிவரை போனால் வழுக்கிக்கொண்டே போய்த் தாமதமாக, கொஞ்சமாகத்தான் வளையும். ஆட ஆட எண்ணெய் குறையும். அதனால் நிற்கும் இடத்தையும் மாற்றுவேன். மூலையில் மிஞ்சும் ஒற்றைப் பின்னுக்கு மட்டும் இன்றும் பழைய பிளாஸ்டிக் பந்துதான்: எண்ணெய் எப்படியிருந்தாலும் அது ஏறக்குறைய நேராகவே போகும்.