மில்டனில் கிடைத்த பதில்

பிரான்சிஸ் ரோட்ச் இன்னும் திரும்பவில்லை.

போன வாரம் அவனை மில்டன் சாலையில் அனுப்பிவிட்டு, உங்களை ஓல்டு சவுத் தேவாலயத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனேன். ஏழு நாள் குளிரில் விறைத்திருப்பீர்கள். கோபம் வேண்டாம். துணைக்கு 5,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். மாடத்தில், படிக்கட்டில், வாசலில், தெருவில் என்று நெருக்கியடித்துக்கொண்டு. பாஸ்டனின் மொத்த ஜனத்தொகையே 16,000தான். ஊரில் மூன்றில் ஒருவர் இங்கே இருப்பதாகக் கணக்கு.

மாலை ஐந்தரை. டிசம்பர் இருட்டு எப்போதோ கவிந்துவிட்டது. அங்கங்கே மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறார்கள். யாரும் வீட்டுக்குப் போகிற மாதிரி தெரியவில்லை.

எல்லோரும் காத்திருப்பது 23 வயதுப் பையன் ஒருவனுக்காக.

பாவம், அவன் புரட்சிக்காரன் இல்லை. நாண்டக்கெட் தீவின் திமிங்கில எண்ணெய் வியாபாரக் குடும்பம். குவேக்கர்கள். சண்டை சச்சரவு என்றால் நாலு தெரு தள்ளிப் போகிறவர்கள். அவர்களுடைய டார்ட்மவுத் கப்பல் எண்ணெய் ஏற்றிக்கொண்டு லண்டன் போனது. திரும்பும்போது கூலிக்குக் கம்பெனித் தேயிலையை ஏற்றி வந்தது. அவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

எந்தக் கம்பெனி? சாட்சாத் நம் கிழக்கிந்தியக் கும்பினிதான். முந்தைய ஆண்டு காளையார்கோவிலில் முத்துவடுகநாதரைப் பலிகொண்ட கும்பினி. இதே 1773இல் ஆற்காட்டு நவாபுக்காகத் தஞ்சாவூரைப் பிடித்துக் கொடுத்த கும்பினி. லண்டன் கிடங்குகளில் விலைபோகாமல் குவிந்துகிடந்த சீனத்துத் தேயிலையை இப்போது அமெரிக்கர்கள் தலையில் கட்டப் பார்க்கிறது. வங்கத்தைப் பஞ்சத்தில் தவிக்கவிட்டவர்கள் அடுத்து நம்மிடம் வருகிறார்கள் என்று பென்சில்வேனியாவில் ஜான் டிக்கின்சன் எழுதியே விட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் தேயிலை மலிவு! பவுண்டுக்கு 3 பென்ஸ் வரியையும் சேர்த்தே, திருட்டுத்தனமாக வந்து இறங்கும் டச்சுத் தேயிலையைவிட மலிவு. பிறகு எதற்கு இத்தனை ஆத்திரம்? இதை வாங்கிக் குடித்தால், நம்மைக் கேட்காமல் போட்ட வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது ஒரு கட்சி. கடத்தல் சரக்கில் நாலு காசு பார்த்துக்கொண்டிருந்தோமே, அதில் மண் விழுகிறதே என்பது இன்னொரு கட்சி. கொள்கையும் கல்லாப்பெட்டியும் அன்றைக்கு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. எது எந்தப் பக்கம் என்று பிரிக்க முயன்றவர்கள் யாரும் இதுவரை முழுசாக ஜெயித்ததில்லை.

ரோட்ச் மாட்டிக்கொண்ட பொறியைப் பாருங்கள். துறைக்கு வந்த 20 நாளுக்குள் வரி கட்டியாக வேண்டும். தவறினால் சுங்கத்துறை சரக்கைப் பறிமுதல் செய்யும். பொழுது விடிந்தால் டார்ட்மவுத்துக்குக் கெடு. தேயிலையை இறக்கினால் ஊர் சும்மா விடாது. இறக்காமல் திரும்பிப் போகச் சுங்கத்துறை சீட்டுக் கொடுக்காது. சீட்டு இல்லாமல் கிளம்பினால் காசில் வில்லியம் கோட்டையின் பீரங்கிகள் பேசும்.

மிச்சமிருப்பது ஒரே ஒருவர். கவர்னர் தாமஸ் ஹட்சின்சன். அவர் ஓர் அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தால் கோட்டை வழிவிடும். கப்பல் போகும். கூட்டம் கலையும். 5,000 பேரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுப்பார்கள்.

அவர் ஊரில் இல்லை. மில்டனில், தோட்ட வீட்டில் இருக்கிறார்.

நாமும் அங்கே ஒரு நடை போய்வருவோம்.

ஹட்சின்சனை வில்லனாக்குவது சுலபம். தேயிலையை விற்கக் கம்பெனி அமர்த்திய ஏஜெண்டுகளில் இருவர் அவருடைய சொந்த மகன்கள், தாமஸும் எலிஷாவும். அவருக்கு வரும் சம்பளமே இந்தச் சுங்க வசூலிலிருந்துதான். ஆனால் பணம் மட்டுமே காரணம் என்றால் நான் நம்பமாட்டேன். மனிதர் இங்கிலாந்திலிருந்து இறங்கியவர் அல்ல. பாஸ்டனிலேயே பிறந்து வளர்ந்தவர். அந்த மண்ணின் வரலாற்றை உட்கார்ந்து எழுதியவர். முத்திரைத்தாள் வரிக் கலவரத்தின்போது, 1765இல், ஒரு கும்பல் அவருடைய வீட்டை உடைத்துச் சூறையாடியது. அவர் எழுதி வைத்திருந்த வரலாற்றின் கையெழுத்துப் பிரதி தெருச் சேற்றில் கிடந்தது. ஒவ்வொரு தாளாகப் பொறுக்கி எடுத்தார்கள்.

கும்பலுக்கு ஒருமுறை பணிந்தால் என்ன ஆகும்? எட்டு வருடங்களாக அந்தக் கேள்வி அவருக்குள் இருந்தது.

இப்போது அதே ஊர்க் கூட்டம் ஓர் இளைஞனைத் தூது அனுப்பியிருக்கிறது.

அவர் கத்தவில்லை. மரியாதையாகவே பேசினார். கப்பலைக் கோட்டைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்த அட்மிரலின் உதவி வேண்டுமா என்றுகூடக் கேட்டார். ரோட்ச் மறுத்துவிட்டான். கடற்படையைக் கூட்டிக்கொண்டு வந்தவன் என்று பெயர் எடுத்த பிறகு பாஸ்டனில் எப்படி நடமாடுவது? சரி, அனுமதிச் சீட்டு? சுங்கத்துறை விடுவிக்காத கப்பலுக்குச் சீட்டுக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார் ஹட்சின்சன்.

சட்டப்படி அவர் சொன்னது சரி. ஒரு சாம்ராஜ்யம் கைநழுவத் தொடங்கிய நேரத்தில் சட்டப்படி சரியாக இருந்தார்!

ரோட்ச் திரும்பினான்.

இங்கே தேவாலயத்தில் ஜோசயா குவின்சி எழுந்து பேசியிருந்தார். காசநோய் அரித்துக்கொண்டிருந்த இளம் வக்கீல். மூன்று வருடங்களுக்கு முன்பு, பாஸ்டன்காரர்களைச் சுட்ட சிப்பாய்களுக்காகவே வாதாடியவர். கோஷம் போட்டால் இன்றைய சோதனை தீர்ந்துவிடாது, எதிரியின் பலம் தெரிந்து அடியெடுத்து வையுங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். கேட்டுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டார்களா என்பது வேறு விஷயம்.

ஆறு மணி நெருங்கும்போது வாசலில் சலசலப்பு.

ரோட்ச் உள்ளே வந்தான். கூட்டம் விலகி வழிவிட்டது. கவர்னர் மறுத்துவிட்டார் என்று சொன்னான்.

தேவாலயம் கொந்தளித்தது.

அவனிடம் இரண்டே கேள்விகள். தேயிலையோடு கப்பலைத் திருப்பி அனுப்புவாயா? முடியாது, அனுப்பினால் நான் அழிந்தே போவேன் என்றான். இங்கேயே இறக்குவாயா? அதிகாரிகள் முறைப்படி கேட்டு, வேறு வழி இல்லாமல் போனால் முயன்றுதான் ஆக வேண்டும் என்றான்.

5,000 பேருக்கு நடுவில் நின்று பொய் சொல்லாமல் பதில் சொன்னான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். டாக்டர் தாமஸ் யங்குக்கும் பிடித்திருக்க வேண்டும். எழுந்து, இவன் நல்லவன், தன்னால் ஆனதைச் செய்துவிட்டான், இவன்மேல் ஒரு கையும் படக்கூடாது என்றார்.

பிறகு கூட்டத்தின் தலைவர்களில் ஒருவரான சாமுவேல் ஆடம்ஸ் எழுந்தார். நாட்டைக் காப்பாற்ற இந்தக் கூட்டம் இனிச் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்றார்.

இதுதான் ரகசிய சமிக்ஞை, சொன்ன மாத்திரத்தில் எல்லோரும் துறைக்குப் பாய்ந்தார்கள் என்று காலங்காலமாகக் கதை சொல்வார்கள். நேரில் பார்த்தவர் எழுதிய குறிப்பு அப்படிச் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை.

அப்புறம் வெளியே ஓர் ஊளை.

செவ்விந்தியர்களின் போர்க்கூச்சல் மாதிரி. ஒன்று, இரண்டு, பத்து. ஜனங்கள் வாசலுக்கு முண்டினார்கள். ஆடம்ஸ் என்ன செய்தார் தெரியுமா? உட்காருங்கள், கூட்டம் இன்னும் முடியவில்லை என்றார்! இன்னொரு தலைவரான ஜான் ஹான்காக்கும் அதையே சொன்னார். டாக்டர் யங் ஒரு படி மேலே போய், தேயிலை குடிப்பதால் உடம்புக்கு வரும் கேடுகள் பற்றிக் கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். பைத்தியக்காரத்தனமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. துறையில் என்ன நடந்தாலும் தலைவர்கள் தேவாலயத்தில்தான் இருந்தார்கள் என்று சொல்ல இப்போது ஆயிரக்கணக்கில் சாட்சி.

அதே நேரம் ஒரு கொல்லன் பட்டறையில் ஜார்ஜ் ஹூவ்ஸ் முகத்திலும் கையிலும் கரித்தூளைப் பூசிக்கொண்டிருந்தார். செருப்புத் தைப்பவர். உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். கையில் சின்னக் கோடரி. தெருவில் இறங்கினால், தன்னைப்போலவே கரி பூசியவர்கள், போர்வை போர்த்தியவர்கள். பாதிப் பேரை அடையாளம் தெரியவில்லை. தெரிந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. எல்லோரும் கிரிஃபின் துறை நோக்கி நடந்தார்கள்.

மழை விட்டிருந்தது. டார்ட்மவுத், எலினோர், பீவர். கம்பெனித் தேயிலை ஏற்றி வந்த மூன்று கப்பல்களில் 342 பெட்டிகள்.

துறைமுகத்தில் அரசரின் போர்க்கப்பல்கள் நின்றன. காசில் வில்லியத்தில் ஒரு ரெஜிமென்ட் துப்பாக்கியோடு இருந்தது. அட்மிரல் மாண்டேகு அன்றிரவு தன் கப்பலில் இல்லை, ஊருக்குள்ளேயே இருந்தார். உதவி என்று யாராவது ஒருவர் வந்து கேட்டால் போதும், பீரங்கி வாய் திறந்துவிடும்.

ஹூவ்ஸ் கப்பல் தலைவரிடம் போய்ச் சரக்கறைச் சாவிக்குக் கை நீட்டினார்.

மாண்டேகுவின் கதவை யாராவது தட்டினார்களா?

(தொடரும்)