பற்றுக்கோடும் பாரியின் தேரும்

பற்றுக்கோடு என்னும் சொல் இக்காலத்து ஆதரவு என்னும் பொருளில் வழங்குகின்றது. கோடு என்பது மரக்கிளை. ஆகலின், கொடி பற்றிப் படரும் கிளையே அச்சொல்லின் முதற்பொருள் எனக் கொள்கின்றோம். கொழுகொம்பு என்பதிலும் கொம்பு கிளையே. கொடிக்கு உயிர்மரமே துணையாய் நின்றமையைக் கபிலர் பாடல்கள் வழி ஈண்டு ஆராய்வோம்.

அகநானூற்றின் இரண்டாம் பாட்டில் மிளகுக்கொடி படர்ந்த சந்தனமரம் ஒன்றைக் கபிலர் காட்டுகின்றார். பாறைச்சுனையில் விளைந்த தேறலை அறியாது உண்ட கடுவன், அம்மரத்தில் ஏறமாட்டாது மலர்களின்மேல் துயில்கின்றது. கள்ளக்குறிச்சிக்கு மேற்கேயுள்ள கல்வராயன் மலையும் சந்தனம் வளரும் மலையே. எனினும், பாட்டில் மலைப்பெயர் இன்மையின் இதுவே அதுவெனத் துணிதல் பொருந்தாது.

மிளகுக்கொடி கணுவேர்களால் மரப்பட்டையைப் பற்றுமேயன்றி மரத்தின் சாற்றை உறிஞ்சாது. சந்தனமோ தன் வேரால் அயல்மரங்களின் வேரைப் பற்றி நீரும் உப்பும் பெறும். மேலே கொடியைத் தாங்கும் மரம், நிலத்தின்கீழ்ப் பிறவற்றைச் சார்ந்து வாழ்கின்றது. காட்டில் தானே அமைந்த இத்துணை, வெற்றிலைக் கொடிக்காலில் உழவர் செயலாகின்றது. முதற்கண் அகத்தியை விதைத்து வளர்த்துப் பின்னரே கொடி நடுவர். அகத்தி கொடியைத் தாங்கி நிழல் தரும். அதன் வேர்முண்டுகள் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும்.

முல்லைக்குப் பாரி ஈந்த தேரும் மரமே. ஆயின் உயிரற்ற மரம். கொடியோடு அது வளராது, மழையில் மட்கும். மலைநாட்டுத் தலைவன் இதனை அறியாதவன் அல்லன். அறிந்தும் ஈந்தமையாலன்றோ அதனைக் கொடைமடம் என்றனர்!

பாரி இறந்தபின் அவன் மகளிரை மணந்துகொள்ளுமாறு விச்சிக்கோவை வேண்டிய புறப்பாட்டில் (200), இத்தேர்க்கொடையைச் சொல்லியே கபிலர் அவர்களை அறிவிக்கின்றார். கொடிக்குத் துணை தந்தவன் மக்கள் துணையின்றி நிற்றலை அவ்வொரு குறிப்பே உணர்த்தும்.

அடைக்கலமாயிருந்த பாரிமகளை மலையர்க்கு அளித்துக் கபிலர் தீப்புக்கார் என்று, முதலாம் இராசராசன் (985–1014) காலத்துத் திருக்கோவலூர் வீரட்டானக் கல்வெட்டுக் கூறுகின்றது. பாடல்களுக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டதாகலின், அது மரபுக்குச் சான்றேயன்றி நிகழ்ச்சிக்கு நேர்ச்சான்று அன்று. எனினும், 2019ஆம் ஆண்டில் அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்துள் அடங்கிய அவ்வூரில், பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் பாறையை மக்கள் இன்றும் கபிலர் குன்று என்றே வழங்குகின்றனர். முல்லைக்குத் தேர் ஈந்தவன் மகளுக்குப் பற்றுக்கோடு தேடிய புலவரை அவ்வூர் மறந்திலது.