சோடா மூடியில் ஒரு சீனச் சதுரங்கம்

தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இப்போது காஸ்ட் அக்கவுண்டிங் படிக்க வேண்டிய நேரம். ஆனால் நான் என்ன செய்து கொண்டிருந்தேன் தெரியுமா? ஹாஸ்டல் வாசலில் இருக்கும் பெட்டிக்கடை அண்ணனிடம் கேட்டு, கூல்டிரிங்ஸ் பாட்டில் மூடிகளைச் சேர்த்துக் கொண்டிருந்தேன். மொத்தம் 32 மூடி. எதற்கு என்றால், சீனச் சதுரங்கம் விளையாட. அதன் சீனப் பெயர் சியாங்ச்சி.

செய்ய ஆரம்பித்தது பொழுதுபோக்குக்குத்தான். செய்து முடிப்பதற்குள் அந்த விளையாட்டின் வரலாறு என்னைப் பிடித்துக் கொண்டது. அதனால் இந்தக் கட்டுரை.

பலகை

எங்கள் அறையில் மடித்து வைக்கும் அட்டைச் செஸ் போர்டு ஒன்று இருந்தது. சீனியர்கள் விட்டுப் போனது. நடு மடிப்பில் கிழிந்து இரண்டு துண்டாகி, யாரும் தொடாமல் கிடந்தது. சீனப் பலகையின் படத்தைப் பார்த்ததும் அந்தக் கிழிந்த போர்டுதான் ஞாபகம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

சீனச் சதுரங்கத்தில் காய்களைக் கட்டத்துக்குள் வைப்பதில்லை. கோடுகள் சந்திக்கும் புள்ளியில் வைக்கிறார்கள். நம் ஊர் ஆடு புலி ஆட்டம் மாதிரி. நெடுக்கில் 9 கோடு, குறுக்கில் 10 கோடு, மொத்தம் 90 புள்ளி. நடுவில் ஒரு வரிசை முழுக்க வெற்றிடம், அதுதான் ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் எட்டுக்கு நாலு, அந்தப் பக்கமும் எட்டுக்கு நாலு. கூட்டினால் 64 கட்டம்! நம் செஸ் போர்டை நடுவில் வெட்டி, ஒரு கட்டம் அளவு விலக்கி வைத்தால் சீனப் பலகை தயார். கிழிந்த போர்டு உதவியது இப்படித்தான்.

இரண்டு துண்டையும் ஒரு பெரிய சார்ட் அட்டையில் இடைவெளி விட்டு ஒட்டினேன். சுற்றிலும் இரண்டு விரல் ஓரம் விட வேண்டும். இல்லாவிட்டால் ஓரப் புள்ளியில் வைத்த மூடி பாதி வெளியே தொங்கும். (முதல் தடவை விடவில்லை, பிறகு பிய்த்து ஒட்டினேன்.) இரண்டு பக்கமும் கடைசி வரிசையின் நடுவில் நான்கு கட்டங்களைச் சேர்த்து ஒரு பெருக்கல் குறி போட்டால் அது அரண்மனை. தளபதி அதை விட்டு வெளியே வரவே முடியாது.

காய்கள்

ஒரு பக்கத்துக்கு 16 காய். தளபதி 1, மெய்க்காவலர் 2, யானை 2, குதிரை 2, தேர் 2, பீரங்கி 2, காலாள் 5. இந்தப் பட்டியலைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது. தேர், யானை, குதிரை, காலாள் - பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா சொல்லிக் கொடுத்த நால்வகைப் படை அப்படியே இருக்கிறது! நம் ஊரில் செஸ் ஆடும்போது மூலையில் இருக்கும் காயை யானை என்கிறோம். தேர் எங்கே போனதோ தெரியாது. சீனாவில் தேர் இன்னும் மூலையிலேயே நிற்கிறது, நேர்கோட்டில் எவ்வளவு தூரமும் ஓடுகிறது.

யானை மூலைவாட்டில் இரண்டு புள்ளி தாவும், ஆனால் ஆற்றைக் கடக்காது. நடுவில் ஏதாவது காய் இருந்தால் அசையாது. குதிரை நம் குதிரை மாதிரிதான், ஆனால் அதன் காலடியில் ஒரு காய் நின்றால் அந்தப் பக்கம் போக முடியாது. காலாள் முன்னேதான் போவான், ஆற்றைத் தாண்டினால் பக்கவாட்டிலும் நகரலாம். பின்வாங்குவது கிடையாது, கடைசி வரை போனாலும் ராணியாக மாட்டான். பீரங்கிதான் வேடிக்கை. தேர் மாதிரி நகரும், ஆனால் வெட்ட வேண்டுமென்றால் நடுவில் ஒரே ஒரு காய் இருக்க வேண்டும், அதைத் தாண்டித்தான் வெட்டும். அப்புறம் முக்கியமான விதி: இரண்டு தளபதிகளும் நடுவில் யாரும் இல்லாமல் ஒரே கோட்டில் நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. இதை மறந்து போய்த்தான் முதல் ஆட்டத்திலேயே ரூம்மேட்டிடம் தோற்றேன் :-)

சீனக் காய்களில் உருவம் எதுவும் இருக்காது. எல்லாமே ஒரே மாதிரி வட்ட வில்லைகள், மேலே ஒரு எழுத்து மட்டும். நானும் கணினியைப் பார்த்துச் சீன எழுத்தை மூடிக்குள் வரைந்து பார்த்தேன். தளபதி ஒரு கரப்பான்பூச்சி மாதிரி வந்தார். ரூம்மேட் சிரித்த சிரிப்பில் அதை விட்டுவிட்டு, தமிழிலேயே த, மெ, யா, கு, தே, பீ, கா என்று சிவப்பிலும் கறுப்பிலும் எழுதி ஒட்டினேன். செலவு: சார்ட் அட்டை 10 ரூபாய், இரண்டு ஸ்கெட்ச் பேனா 20 ரூபாய், பசை 10 ரூபாய். ஆக 40 ரூபாய். மூடி இலவசம்.

யார் கண்டுபிடித்தது?

சீனாவில் பரவலாகச் சொல்லப்படும் கதை இது. கி.மு. 206 முதல் 202 வரை சூ, ஹான் என்ற இரண்டு தரப்புக்கும் பெரும் போர் நடந்தது. சூ பக்கம் சியாங் யு, ஹான் பக்கம் லியு பாங். கி.மு. 203-இல் ஒரு கால்வாயை எல்லையாக வைத்துச் சமாதானம் பேசினார்கள். அது நிலைக்கவில்லை. அடுத்த வருடமே லியு பாங் ஜெயித்து ஹான் அரச வம்சத்தின் முதல் பேரரசர் ஆனார். லியு பாங்கின் தளபதி ஹான் சின் தன் படைவீரர்களுக்காக இந்த ஆட்டத்தை உருவாக்கினார் என்பது கதை. இன்றைக்கும் பலகையின் நடுவில் 'சூ ஆறு, ஹான் எல்லை' என்று எழுதி வைக்கிறார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சான்று? அந்தக் காலத்தில் இந்த ஆட்டம் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. பலகையில் ஆற்றின் பெயர் இருப்பதால் அந்த ஆற்றங்கரையில்தான் ஆட்டம் பிறந்தது என்று சொல்ல முடியாது. கடைக்கு முருகன் பெயர் வைத்தால் முருகனே கடை திறந்தார் என்று ஆகுமா?

கி.பி. 569-இல் வட சௌ பேரரசர் வூ, இதே பெயர் கொண்ட ஓர் ஆட்டத்தைப் பற்றி நூல் எழுதினார். ஆனால் அது வானியல் சார்ந்த வேறு ஆட்டம் என்றுதான் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். 'சியாங்' என்ற சொல்லுக்கு யானை, தந்தம், உருவம் என்று பல பொருள் இருப்பதால் வந்த குழப்பம் இது. தாங் காலத்து எழுத்தாளர் நியூ செங்ரூவின் கதை ஒன்றில்தான் ஓரளவு தெளிவாகக் குதிரை, தேர், காலாள் நகரும் ஆட்டம் வருகிறது. ஒருவன் இரவில் போர்க் கனவு காண்கிறான். பிறகு வீட்டில் தோண்டிப் பார்த்தால் பழைய கல்லறை, அதற்குள் உலோகக் காய்களோடு ஒரு பலகை! அந்தக் கதை நடப்பது 762-ஆம் ஆண்டில்.

இந்தியப் பக்கம் பார்த்தால், 7-ஆம் நூற்றாண்டில் ஹர்ஷரின் அவையில் இருந்த பாணர் எழுதிய ஹர்ஷசரிதத்திலேயே சதுரங்கமும் எட்டுக்கு எட்டுப் பலகையும் குறிப்பிடப்படுகின்றன. முர்ரே என்ற ஆங்கிலேயர் 1913-இல் எழுதிய செஸ் வரலாற்றில், ஆட்டம் இந்தியாவிலிருந்துதான் எல்லாத் திசைக்கும் போனது என்றார். சீன அறிவியல் வரலாற்றை எழுதிய ஜோசப் நீதாம் 1962-இல் அதற்கு மாறாக, சீனாவின் வானியல் ஆட்டங்களில்தான் வேர் இருக்கிறது என்று வாதாடினார். இன்றும் இந்தியத் தோற்றம் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் கருத்து, ஆனால் விவாதம் மூடப்படவில்லை. என் கிழிந்த போர்டில் 64 கட்டம் பொருந்தியதைப் பார்த்து நானும் 'நம்முடையதுதான்' என்று குதித்தேன். பிறகு யோசித்தால், கட்டம் பொருந்துவது ஒரு தடயம்தான், தீர்ப்பு அல்ல. ஹான் சின் கதையை நம்புகிறவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம் என்று இருக்கக் கூடாது இல்லையா?

கப்பலில் கிடைத்த காய்

இன்றைய வடிவம் உறுதியானது சோங் காலத்தில். அப்போதைய வெண்கலக் காய்கள் கிடைத்திருக்கின்றன. சிலவற்றில் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் படம். எழுத்தே போதும் என்று ஆனபின் படம் உதிர்ந்துவிட்டது. இது சின்ன விஷயம் இல்லை. குதிரையைச் செதுக்கச் சிற்பி வேண்டும். 'குதிரை' என்று எழுத ஒரு மரத்துண்டும் மையும் போதும்.

1974-இல் தென்கிழக்குச் சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் சேற்றிலிருந்து 13-ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். வாசனைக் கட்டை, மிளகு இவற்றோடு மரத்தாலான சியாங்ச்சிக் காய்களும் கிடைத்தன. கடலில் மாதக்கணக்கில் போகிறவர்கள் ஆடியவை. அதே சுவான்சௌவில்தான் 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டும் கிடைத்தது. நம் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் கட்டியிருந்தார்கள். மிளகு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாரோ ஆடுவதை ஒரு தமிழ் வணிகர் எட்டிப் பார்த்திருப்பாரோ என்று நினைத்துக் கொள்கிறேன். நினைப்புதான், வரலாறு இல்லை.

எழுத்தில்லாத காய்கள்

1956-இல் சீனா இதை அதிகாரபூர்வ விளையாட்டாக்கித் தேசியப் போட்டி நடத்தியது. 1960-இல் 15 வயது ஹு ரோங்குவா பட்டம் வென்றார். கலாச்சாரப் புரட்சி வந்தது, 1967 முதல் 1973 வரை போட்டியே நடக்கவில்லை. 1974-இல் மறுபடி நடந்தபோதும் அவரேதான் ஜெயித்தார். தொடர்ந்து பத்துப் பட்டம்.

அந்தப் போட்டியில்லாத வருடங்களைப் பின்னணியாக வைத்து ஆ செங் என்ற எழுத்தாளர் 1984-இல் 'சதுரங்க ராஜா' என்ற குறுநாவலை எழுதினார். அதில் வாங் யிஷெங் என்ற ஏழைப் பையன். அச்சகத்துக்காக அம்மாவோடு உட்கார்ந்து புத்தகத் தாள் மடிக்கும்போது, அந்தத் தாளில் இருந்த சதுரங்கப் பாடத்தைப் படித்து ஆட்டத்தில் விழுந்தவன். சோற்றுக்கே வழியில்லாத வீட்டில் ஆட்டம் என்ன கேடு என்று அம்மாவுக்குக் கவலை. ஆனால் சாகும் முன் ஒரு சிறிய பொட்டலத்தைக் கொடுக்கிறாள். உள்ளே ஒரு முழு செட் காய்கள். வீசியெறிந்த பல்துலக்கிகளைப் பொறுக்கி, அவற்றின் கைப்பிடிகளைத் தேய்த்துத் தேய்த்துச் செய்தவை. எதிலும் எழுத்து இல்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தப்பாகச் செதுக்கிவிடுவோமோ என்று பயந்து, நீயே செதுக்கிக்கொள் என்று விட்டுவிடுகிறாள்.

அதைப் படித்தபோது என் கரப்பான்பூச்சித் தளபதி ஞாபகம் வந்தது. எனக்கு எழுத்துத் தப்பானால் ரூம்மேட் சிரிப்பான், அவ்வளவுதான்.

வணிகவியல் மாணவன் என்பதால் 40 ரூபாய் என்று கணக்குப் போட்டேன். அந்த அம்மாவின் காய்களுக்குக் கணக்குப் போட்டால் மூலப்பொருள் செலவு பூஜ்யம். தேய்த்த இரவுகளை எந்தத் தலைப்பில் எழுதுவது? எங்கள் பாடப் புத்தகத்தில் அதற்குத் தலைப்பு இல்லை.

ஹான் சின் கண்டுபிடித்தாரா, நம் ஊரிலிருந்து போனதா என்று வாதாடுவோம், அது தேவைதான். ஆனால் பேரரசர் எழுதிய ஆட்டத்தை இன்று யாரும் ஆடுவதில்லை. மரத்துண்டிலும், சோடா மூடியிலும், பல்துலக்கியிலும் செய்ய முடிந்த ஆட்டம் இன்னும் இருக்கிறது.

நீங்களும் ஒரு செட் செய்து பாருங்கள் நண்பர்களே. மூடி போதவில்லை என்றால் எங்கள் பெட்டிக்கடை அண்ணனிடம் இன்னும் ஒரு பை நிறைய இருக்கிறது. நான் படிக்கப் போகிறேன்... ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு :-)