கடற்கரைக் காட்சியும் கடலடிச் சுரங்கமும்

பிரிட்டன் தீவின் தென்மேற்குக் கோடியிலே, அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் நீட்டிய விரலென ஒரு நிலம்! கார்ன்வால் என்பது அதன் பெயர். கருங்கற் பாறைகள், வெண்மணற் பரப்பு, குன்றுதோறும் பசும்புல், பாறையில் மோதிப் பாலெனச் சிதறும் அலைகள்! கோடை பிறந்ததும், விடுமுறையைக் கழிக்க விரும்புவோர் கூட்டங்கூட்டமாக அங்கே செல்வர்.

கடல் வற்றும் வேளையில் கல்பாவிய பாதை வழியே நடந்து ஏறத்தக்க ஒரு குன்று உண்டு, உச்சியில் கோட்டை. புனித மைக்கேல் குன்று என்பர். தேவதூதன் அங்கு மீனவர்க்குக் காட்சி தந்தானாம். அரக்கன் ஒருவன் கல் சுமந்து அக்குன்றையே ஆக்கினானாம்! தலபுராணம் நமக்குப் புதிதா, தோழர்களே? குன்று எந்த நாட்டில் இருந்தாலும் கதை ஒன்று அதன்மீது ஏறி அமர்ந்துவிடுகிறது. அரக்கன் சுமந்ததாகச் சொல்லப்படும் கல்லை விட்டு, மனிதன் உடைத்த கல்லைக் காணச் செல்வோம்.

பாட்டாலக் என்னும் இடத்தில், செங்குத்துப் பாறையின் அடியில், அலை தெறிக்கும் விளிம்பில் இரண்டு கற்கட்டடங்கள் நிற்கின்றன. கூரையில்லை, புகைபோக்கி மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. ஓவியம்போல் இருக்கிறது என்று கூறிப் படம் எடுத்துச் செல்கிறார்கள். அவை பாழடைந்த கோட்டைகள் அல்ல. சுரங்கத்துக்கு உழைத்த எந்திரங்களின் வீடுகள். அங்கே செம்பும் வெள்ளீயமும் தேடிக் கடலின் அடியிலேயே குடைந்து சென்றனர் தொழிலாளர். புகைவண்டி அப்பகுதியை எட்டாத காலத்தில் அங்கு நடந்து சென்ற எழுத்தாளர் வில்கி காலின்ஸ், சுரங்கத்துள் இறங்கி, தலைக்குமேல் கடல் முழங்குவதைக் கேட்டதை 1851-இல் வெளிவந்த தம் பயண நூலில் எழுதினார்.

1863-இல் அதே பாட்டாலக்கில், சரிவுப் பாதையில் தொழிலாளரை ஏற்றிவந்த வண்டியின் சங்கிலி அறுந்தது. எட்டு ஆண்களும் ஒரு சிறுவனும் மாண்டனர். 1865-இல், அதே சரிவில், வேல்ஸ் இளவரசரும் அவர் துணைவியாரும் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறினர். இளவரசர் சென்ற இடமாயிற்றே! பார்வையாளர் பெருகினர், கட்டணமும் வைக்கப்பட்டது. ஒன்பது உயிர் போனபோது வராத கூட்டம், ஓர் இளவரசர் போய்வந்ததும் வந்தது!

அருகிலேயே லெவன்ட் சுரங்கம். கடலடியில் ஏறத்தாழ ஒரு மைல் தூரம் நீண்ட சுரங்கம் அது. ஆட்களை ஏற்றி இறக்க அங்கோர் எந்திரம் இருந்தது. சுரங்கக் கிணற்றின் அடிவரை ஒரு நீண்ட மரத்தண்டு, அதில் படிகள், கிணற்றுச் சுவரில் மேடைகள். தண்டு சுமார் 12 அடி உயரும். தொழிலாளி மேடைக்கு மாறுவான். தண்டு தாழும், அடுத்த படிக்கு மாறுவான். இருட்டில், நாளெல்லாம் பாறை உடைத்த களைப்பில், இப்படி மாறி மாறி ஏறியே வெளிச்சத்தைக் காணவேண்டும். 1919 அக்டோபர் 20. பணிமுடிந்து தண்டு நிறைய ஆட்கள் ஏறிக்கொண்டிருந்த நேரம். மேலே தண்டை எந்திரத்தோடு பிணைத்த இரும்பு முறிந்தது. 31 பேர் மாண்டனர். அந்த எந்திரம் மீண்டும் அமைக்கப்படவில்லை, ஆழப்பகுதிகள் கைவிடப்பட்டன, 1930-இல் சுரங்கமே மூடப்பட்டது.

ஆண்கள் மட்டுமா உழைத்தனர்? மேலே கொணர்ந்த கல்லைச் சுத்தியலால் உடைத்துத் தரம் பிரித்தோர் பெண்களும் சிறுமியரும். கார்னிஷ் மொழியில் 'பால்' என்றால் சுரங்கம். ஆதலால் 'பால் மெய்டன்ஸ்', சுரங்கக் கன்னியர் என அவர்களை அழைத்தனர். பெயரிலே கவிதை! கையிலே காய்ப்பு!

1866-இல் செம்புத் தொழிலை நெருக்கடி தாக்கியது. சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடின. குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினர். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, மெக்சிகோ என்று உலகெங்கும் சிதறினர். அவர்களுள் ஒரு சாரார் வந்து சேர்ந்த இடம் நமக்குத் தெரிந்த இடம்தான்: கோலார் தங்கவயல்! 1880 முதல் அங்குச் சுரங்கங்களை நடத்திய லண்டன் ஜான் டெய்லர் நிறுவனம், கார்ன்வால்காரர்களை மேற்பார்வைக்குக் கொணர்ந்தது. பாறைக்குள் இறங்கிய உழைப்பாளரோ, வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். அவருள் பெரும்பாலோர் சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டோர். சொந்த மண்ணில் தொழிலாளியாயிருந்த கார்ன்வால்காரர், இங்கே நிறத்தின் துணையால் துரையானார். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகச் சென்ற அந்தத் தங்கவயல் 2001-இல் மூடப்பட்டது. சயனைடு கலந்த கழிவுமண் மேடுகள் ஊரருகே குன்றுகளாய் நிற்கின்றன.

கார்ன்வாலிலோ, கனிமம் சுமந்த தண்டவாளம் களிப்பைச் சுமக்கத் தொடங்கிற்று. நியூக்கீ துறைமுகத்துக்குச் சுரங்கப் பொருளுக்காகப் போட்ட பாதையில் 1876-இல் பயணிகள் வண்டி ஓடியது. 1904 முதல் லண்டனிலிருந்து 'கார்னிஷ் ரிவியரா' விரைவு வண்டி! சுற்றுலாவால் பிழைப்போர் பலர் உண்டு; மறுப்பதற்கில்லை. ஆனால், ஆண்டில் சில வாரம் தங்கவரும் செல்வர், கடலோர வீடுகளை விலைக்கு வாங்கிப் பூட்டிவைத்தால், உள்ளூர் மீனவன் மகன் எங்கே குடியிருப்பான்? செயின்ட் ஐவ்ஸ் நகர மக்கள் இக்கேள்வியை 2016-இல் வாக்குப்பெட்டியில் இட்டனர். புதிதாகக் கட்டும் வீடுகளில் ஆண்டு முழுதும் குடியிருப்போரே வாழவேண்டும் என்ற விதிக்கு, வாக்களித்தோரில் 80 சதவீதத்துக்கு மேல் ஆதரவு தந்தனர்.

ஹெலிகன் தோட்டத்தைக் காணச் செல்வோர், மலர்ப்பாத்திகளோடு நின்றுவிடாமல், தோட்டக்காரர்களின் பழைய கழிவறைச் சுவரையும் காணவேண்டும். 1914 ஆகஸ்டில் அங்கு வேலைசெய்தோர் தம் பெயர்களைப் பென்சிலால் எழுதியிருக்கிறார்கள். பிறகு போர் வந்தது, பலர் திரும்பவில்லை. தோட்டம் காடாயிற்று. 1990-க்குப் பின் அதைத் திருத்தியபோது, மாளிகைச் சீமான்களின் புகழ் பாடாது, கழிவறைச் சுவரில் இருந்த அப்பெயர்களுக்கே முதலிடம் தந்தனர்.

வெள்ளீய விலை 1985-இல் சரிந்ததால், கீவர் சுரங்கம் 1990-இல் மூடப்பட்டது. 1993-இல் அது காட்சியகமாயிற்று. அங்கே பணிசெய்த தொழிலாளரே பார்வையாளருக்கு வழிகாட்டிகளாயினர். பழைய சுரங்கப் பாதையொன்றில் நம்மை அழைத்துச் செல்வர், குனிந்துதான் போகவேண்டும். மேலே, பணிமுடிந்தோர் உடைமாற்றிய கூடம், கடைசி நாளன்று இருந்தபடியே விடப்பட்டிருக்கிறது. அணிந்த சட்டைகள் ஆணிகளில் தொங்குகின்றன. செம்மண் படிந்த காலணிகள் அடியில் கிடக்கின்றன.